கைப்பணமில்லா வேட்பாளர்: மலையகத் தேர்தல் களத்தில் ஒரு தடம், 1931–2024

1994 ஆகஸ்ட் 16ஆம் திகதி நடந்த பொதுத்தேர்தலில் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள் கிடைத்தன. கூட்டுச் சேர்ந்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. பாராளுமன்றத்தில் பெரும்பான்மைக்குத் தேவையானவை 113. குறைந்த அந்த ஓர் ஆசனத்தைக் கொண்டுவந்தது நுவரெலியா மாவட்டத்தின் ஒரு சுயேச்சைக் குழு. 27,374 வாக்குகள் பெற்ற அக்குழுவிலிருந்து தெரிவானவர் தலவாக்கலையைச் சேர்ந்த பெரியசாமி சந்திரசேகரன். பதினேழு ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிவுக்கு வந்த தேர்தலில் புதிய ஆட்சிக்கான எண்ணிக்கையை நிறைவு செய்தது, அங்கீகரிக்கப்பட்ட கட்சிச் சின்னம்கூட இல்லாத ஒரு பட்டியல்.

இதைத் தலைவர் ஒருவரின் கவர்ச்சி என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலையகத்தில் பணமில்லாதவர் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் வாக்களிப்பு முறையைப் பொறுத்தே அமைந்திருக்கிறது. தொகுதி எவ்வளவு பெரியது, வாக்காளர் சீட்டில் என்ன செய்ய வேண்டும், எத்தனை வீதம் எடுத்தால் கணக்கில் சேர்ப்பார்கள் என்ற மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு இத்தடத்தைப் பின்தொடரலாம்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகாதவரும் போட்டியிட முடியும். வெற்று வரியில் வாக்காளர் அவர் பெயரை எழுதினால் போதும். 2010இல் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கி அப்படித்தான் செனட் சபைக்கு மீண்டும் போனார். நமது சீட்டில் அந்த வரி இல்லை. கட்சிக்கு வெளியே நிற்பவருக்கு இங்கே திறந்திருக்கும் ஒரே வாசல் சுயேச்சை வேட்புமனு.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, இந்திய வம்சாவளியினருக்கு அது முழுமையாகக் கிடைக்கவில்லை. நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும். இல்லையேல் எழுத்தறிவும் குறிப்பிட்ட வருமானமும் காட்ட வேண்டும். ஆகவே பதிவு பெற்றோர் 1 இலட்சம் அளவிலேயே இருந்தனர். 1939இல் அத்தொகை ஏறத்தாழ 2.25 இலட்சமானது. 1931இல் ஹட்டன் தொகுதியில் சட்டத்தரணி பெரி சுந்தரம் போட்டியின்றியே தெரிவாகி, தொழில் அமைச்சரானார். தேர்தல் பிரசாரம் எனத் தக்க ஒன்று அத்தொகுதியில் 1936இல்தான் நடந்தது, வென்றவர் கோ. நடேசய்யர்.

தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளரான அய்யர், தோட்டங்களுக்குள் அந்நியர் நுழையத் தடை இருந்த காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் லயக் குடியிருப்புகளுக்குள் போய்த் தொழிலாளரின் நிலையை அறிந்தவர். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் துரைமாரின் எதிர்ப்பும் பெரிய கங்காணிமாரின் வெறுப்பும் அவருக்குத் தாராளமாகக் கிடைத்தன. கையிலிருந்த முதல் அச்சகமும் பேச்சும்தான். கூட்டங்களில் துணைவியார் மீனாட்சியம்மாள் பாடினார். அவருடைய பாட்டுகள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு நூலாக வந்தன. எழுதப்படிக்கத் தெரியாத கூட்டத்துக்குச் சுவரொட்டியால் பயனில்லை. பாட்டோ ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குச் செலவில்லாமல் போய்ச் சேரும்.

வாக்களிப்பு முறையும் அதற்கு ஒத்துவந்தது. டொனமூர் காலத்துச் சட்டசபையான அரசாங்க சபைக்கான தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். அந்த நிறப் பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் வேலை முடிந்தது. தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நிறத்தின் பெயர் போதும். இதைவிட மலிவான பிரசாரத்துக்கு இன்றுவரை வாய்ப்புக் கிட்டியதில்லை.

1947இல் காட்சி மாறிற்று. 1939இல் உருவான இலங்கை இந்திய காங்கிரஸ் தொழிற்சங்கமாகவும் இயங்கியதால், தோட்டத் தலைவர்மாரே தேர்தல் தொண்டர்களானார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜீ. ஆர். மோத்தா ஆகியோர் வென்றனர். தலவாக்கலையில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை, பூண்டுலோயாவின் மடகும்பர தோட்டத்தில் பிறந்தவர், கவிஞர், பின்னாளில் மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர். சங்கத்தின் வலிமை ஏழை வேட்பாளரைச் சபைக்கு அனுப்பியது உண்மை. சங்கத்துக்கு வெளியே நிற்பவருக்கு லயத்துக் கதவு அன்றே சாத்தப்படத் தொடங்கியது என்பதும் உண்மைதான்.

பிறகு வாக்காளரே இல்லாமற் போனார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டு வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களின் பெயர்களை இடாப்பிலிருந்து எடுத்தன. 1952 பாராளுமன்றத்துக்கு மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. 1960இல் தொண்டமான் சபைக்குள் போனது நியமன உறுப்பினராக. 1977இல்தான், மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில், அவர் காமினி திஸாநாயக்கவுக்கும் அநுர பண்டாரநாயக்கவுக்கும் அடுத்ததாக மூன்றாமிடத்தில் வந்து தெரிவானார். அத்தொகுதியில் வாக்காளருக்கு மூன்று வாக்குகள். மூன்றையும் ஒருவருக்கே கொடுக்கலாம். சிதறாமல் நின்ற சிறுபான்மைக்கு அந்த ஏற்பாடு போதுமானதாயிருந்தது.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தபோது, மாவட்டத்தில் 12.5 வீதம் பெறாத பட்டியல் கழித்துவிடப்படும் என்று விதித்தது. 1988இன் பதினைந்தாம் திருத்தம் அதை 5 வீதமாகக் குறைத்தது. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் விடாமல் கேட்டு வாங்கிய மாற்றம் இது. பழைய விதி நீடித்திருந்தால் சந்திரசேகரனின் 27,374 வாக்குகள் அந்த எல்லையை எட்டியிருக்கா. ஓர் ஆசனமும் கிடைத்திராது. முஸ்லிம் அரசியலின் பேரத்தில் விழுந்த சில்லறையை மலையகம் பொறுக்கி எடுத்தது என்று சொன்னால் சிலருக்குக் கசக்கலாம். ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

சந்திரசேகரன், தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸிலிருந்து பிரிந்து 1989இல் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கியவர். 1991இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகித் தடுத்து வைக்கப்பட்டார். எந்த விளம்பரப் பலகையும் தர முடியாத அறிமுகத்தை அந்தச் சிறைவாசம் தந்தது என்பது என் கணிப்பு. புதிதாகக் குடியுரிமையும் வாக்கும் பெற்றிருந்த இளைய தலைமுறை, தந்தையர் சந்தா கட்டிய சங்கத்துக்கே புள்ளடி போட வேண்டும் என்ற கட்டாயத்தை ஏற்கவில்லை. 1988இன் இன்னொரு சட்டம் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியிராவிட்டால் அந்த வாக்குகளில் பல இருந்திருக்கவே மாட்டா.

ஆனாலும் அதே 1988இல் பதினான்காம் திருத்தத்தோடு வந்த விருப்பு வாக்கு எதிர்த்திசையில் வேலை செய்தது. சின்னத்துக்கு எதிரே புள்ளடி இட்டபின், சீட்டின் கீழ்ப்பகுதியில் மூன்று வேட்பாளர் வரை அவர்களுடைய இலக்கங்களைத் தேடி அடையாளமிடலாம். ஒரு நிறத்தைச் சொல்லிக்கொடுத்த காலம் போய், நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குரான்கெத்த, வலப்பனை என நான்கு தொகுதிகளிலும் ஓர் இலக்கத்தை மனப்பாடம் செய்விக்க வேண்டிய காலம் வந்தது. மதில்களிலும் கடைக் கதவுகளிலும் இலக்கம் ஏறியது. வாகனமும் அச்சுக்கூலியும் கூடவே ஏறின. போட்டியும் சொந்தப் பட்டியலுக்குள்ளேயே நடந்தது. எட்டு ஆசனம் கொண்ட நுவரெலியா மாவட்டத்தில் சுயேச்சைக் குழு பதினொரு பெயரோடு வேட்புமனுத் தர வேண்டும். கட்டுப்பணம் பெரிய தொகையன்று. பதினொருவரை ஊருக்கு ஊர் அழைத்துச் செல்லும் செலவுதான் பெரிது.

பெரிய சின்னத்தின் நிழலில் ஒதுங்குவதே புத்திசாலித்தனம் என்ற முடிவுக்கு மலையகக் கட்சிகள் வந்தன. தமிழ் முற்போக்குக் கூட்டணி 2015இல் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்தில் போட்டியிட்டது. சந்திரசேகரன் 2010 ஜனவரி 1ஆம் திகதி காலமானார். 2020இல் அவர் மகள் அனுஷா சுயேச்சைக் குழுவாக நின்று பார்த்தார், ஆசனம் கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் தெரிவானபோது, மலையகப் பெண்கள் முதன்முறையாக மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்றனர். அவர்களும் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் நின்றவர்கள்தாம்.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. அது பணக்காரரின் கையைக் கட்டும். பணமில்லாதவரின் கையில் எதையும் வைக்காது. அவருக்கு எட்டக்கூடியதாக இருந்த இடம் மாகாண சபை. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21ஆம் திகதி. அச்சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. 2024 பாராளுமன்றத் தேர்தல் வந்துபோன பின்னும் மாகாணத் தேர்தல் வைக்கப்படவில்லை.