கிரிக்கெட் 07 விளையாட்டில் ஆட்டக்காரர் பட்டியல் திருத்தம்

கிரிக்கெட் 07 பட்டியல் திருத்தம் என்பது, 2006 நவம்பரில் வெளியான ஈஏ ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07 என்னும் விளையாட்டின் கோப்புகளை ரசிகர்களே மாற்றி, வீரர்களின் பெயர், அணி, சீருடை, திறன் மதிப்பெண் ஆகியவற்றைப் புதுப்பிக்கும் வழக்கமாகும். இவ்வாறு மாற்றப்பட்ட கோப்புத் தொகுப்பை ரசிகர்கள் ‘பேட்ச்’ என்பர். ஆட்டக்காரர் பட்டியலை ‘ரோஸ்டர்’ என்பர். ஈஏ நிறுவனம் இந்த வரிசையில் கணினிக்கென அடுத்த ஆட்டத்தை வெளியிடவில்லை. ஆயினும் இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் கிரிக்கெட் 07 நெடுங்காலம் விளையாடப்பட்டதற்கு இத்தகைய பேட்சுகள் முக்கியக் காரணம்.

முன்னோடி: பனி ஹாக்கி ஆட்டங்கள்

விளையாட்டு வீரர்களின் பட்டியலை ரசிகர்கள் திருத்தும் வழக்கம் கிரிக்கெட்டில் தோன்றியதன்று. வட அமெரிக்காவில் ஈஏ நிறுவனத்தின் பனி ஹாக்கி ஆட்டங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1991-இல் வெளியான முதல் ஆட்டத்துக்கு என்ஹெச்எல் அமைப்பின் உரிமம் இருந்தது. வீரர்கள் சங்கத்தின் உரிமம் இல்லை. எனவே வீரர்கள் வெறும் எண்களாகவே தோன்றினர். அடுத்த ஆண்டின் ஆட்டத்தில் வீரர்களின் பெயர்கள் வந்தன. அணிச் சின்னங்கள் இல்லை. 1993-இல் வெளியான என்ஹெச்எல் 94 ஆட்டத்தில்தான் இரண்டும் சேர்ந்தன.

அந்த ஆட்டத்தின் சேகா பதிப்பில் ஒவ்வொரு திறனும் 0 முதல் 6 வரையான எண்ணாக, ஒரு பைட்டின் பாதி அளவில் பதியப்பட்டுள்ளது. இந்த எண்களின் இடத்தைக் கண்டறிந்த ரசிகர்கள், புதிய வீரர்களை உள்ளிட்டுப் பழைய ஆட்டத்தைப் புதுப்பித்து வருகின்றனர். உடல் எடை பற்றிய கணக்கில் ஒரு பிழை இருந்ததால், எடை குறைந்த வீரர் கனத்த வீரரை எளிதாக இடித்து வீழ்த்த முடிந்தது. பட்டியல் தயாரிப்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. எண்ணை மாற்றினால் மட்டும் போதாது, அந்த எண்ணை நிரல் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதையும் அறிய வேண்டும் என்பதற்கு இது சான்று.

உரிமமும் மாற்றுப் பெயர்களும்

கனடாவைச் சேர்ந்த ஹெச்பி ஸ்டூடியோஸ் உருவாக்கிய கிரிக்கெட் 07, ஆஷஸ் தொடரை மையமாகக் கொண்டது. இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வீரர்களின் உண்மைப் பெயர்கள் அதில் இருந்தன. உரிமம் பெறப்படாத இந்தியா முதலிய அணிகளின் வீரர்களுக்கு மாற்றுப் பெயர்கள் இடப்பட்டன. இந்தியாவில் ஆட்டத்தை நிறுவியவர் தம் நாட்டு அணியைத் தேர்ந்தெடுத்தால், திரையில் அறிமுகமற்ற பெயர்களே வந்தன. முதல் திருத்தங்கள் பெரும்பாலும் இந்தக் குறையைப் போக்கவே செய்யப்பட்டன.

பட்டியல் விரைவில் பழையதாகியது

ஆட்டம் வெளியான ஓராண்டுக்குள் கிரிக்கெட்டே மாறத் தொடங்கியது. 2007 செப்டம்பரில் இந்தியா முதல் டி20 உலகக் கோப்பையை வென்றது. 2008 ஏப்ரலில் ஐபிஎல் தொடங்கியது. ரோகித் சர்மா 2007 ஜூனிலும், விராட் கோலி 2008 ஆகஸ்டிலும், சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அசுவின் 2010 ஜூனிலும் பன்னாட்டுப் போட்டிகளில் அறிமுகமாயினர். இவர்களின் பன்னாட்டு ஆட்ட வாழ்வு முழுவதும் ஆட்டம் வெளியான பின்னர் நிகழ்ந்தது. எனவே பேட்ச் வழியாக மட்டுமே இவர்கள் கிரிக்கெட் 07-இன் இந்திய அணியில் இடம்பெற முடிந்தது.

ஐபிஎல் இன்னும் பெரிய மாற்றத்தைக் கோரியது. ஆட்டத்தில் புதிய அணிகளைச் சேர்ப்பது எளிதன்று. ஏற்கெனவே இருந்த அணிகளை மாற்றுவது எளிது. ஆகவே இங்கிலாந்தின் கவுண்டி அணிகள் போன்ற உள்நாட்டு அணிகளின் இடத்தில் ஐபிஎல் அணிகள் அமர்த்தப்பட்டன. அணிகளின் எண்ணிக்கை 2008-இல் 8, 2011-இல் 10, 2012-இல் 9, 2014-இல் மீண்டும் 8 என மாறியது. சென்னை சூப்பர் கிங்ஸ் தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 ஆண்டுகளின் பட்டியலில் தோனி புனே அணிக்கு மாற வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஏலத்துக்குப் பின்னும் பட்டியல் புதிதாக எழுதப்பட்டது.

கோப்புகளும் வரம்புகளும்

ஆட்டக்காரர் விவரம் ‘ஆர்ஓஎஸ்’ என்று முடியும் கோப்பில் உள்ளது. சீருடை, மட்டை, முகம் போன்ற படங்கள் ‘எஃப்எஸ்ஹெச்’ கோப்புகளில் உள்ளன. இவை ‘பிக்’ எனப்படும் பெரிய தொகுப்புக் கோப்புகளில் அடைக்கப்பட்டிருக்கும். படங்களைப் பிரித்தெடுத்து, வரைகலை மென்பொருளில் திருத்தி, மீண்டும் அடைப்பதே சீருடை மாற்றும் முறை.

பட்டியல் திருத்தத்துக்கு எல்லையும் உண்டு. இலங்கையின் அஜந்த மெண்டிஸ் 2008 ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை வீழ்த்தியபோது, விரலால் சுண்டி வீசும் ‘கேரம் பந்து’ பரவலாகப் பேசப்பட்டது. வட சென்னைத் தெருக்களில் செழித்த கேரம் ஆட்டத்தின் சுண்டலே இந்தப் பெயருக்கு மூலம். பின்னர் அசுவினும் இதை வீசினார். ஒரு பந்துவீச்சாளரின் பெயரையும் மதிப்பெண்ணையும் பட்டியலில் எழுதலாம். நிரலில் இல்லாத பந்து வகையை அவ்வாறு எழுத முடியாது.

பரவல்: வட சென்னைச் சூழல்

பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி ஏற்பட்டபின் தாயகம் திரும்பிய தமிழர்களுக்காக, 1969-இல் சென்னைத் துறைமுகத்தை அடுத்த ராஜாஜி சாலையில் பர்மா பஜார் அமைந்தது. கடற்கரை ரயில் நிலையம் இதன் அருகில் உள்ளது. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகச் செல்லும் கும்மிடிப்பூண்டி தடத்தின் பயணிகளுக்கு இது கைக்கெட்டும் சந்தை. முதலில் வெளிநாட்டுப் பொருள்களுக்கும், பின்னர் மலிவான குறுந்தகடுகளுக்கும் பெயர் பெற்றது. தமிழ்நாடு அரசு 2004-இல் திருட்டு வீடியோ தயாரிப்போரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. எனினும் கள்ளப் பிரதிகள் மறைந்துவிடவில்லை.

விலை உயர்ந்த கணினி வாங்க இயலாத வீடுகளுக்குப் பழைய ஆட்டம் பொருத்தமாக இருந்தது. கிரிக்கெட் 07 தனி வரைகலை அட்டை இல்லாத எளிய கணினிகளிலும் இயங்கக்கூடியது. 2005-இல் பிஎஸ்என்எல் அகன்ற அலைவரிசைச் சேவை தொடங்கியது. வீட்டில் இணையம் இல்லாதோர் பிரவுசிங் சென்டரில் பதிவிறக்கிப் பென் டிரைவில் கோப்புகளை எடுத்துச் செல்வது அக்காலத்தில் பொது வழக்கம். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், இத்தகைய ஆட்டத்தை இயக்கப் போதுமான கருவியை மாணவர் பலரின் கையில் தந்தது.

மதிப்பெண்ணும் உரிமையும்

பெயரைத் திருத்துவதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மதிப்பெண் இடுவதில் உண்டு. சராசரி ஓட்டம் உயர்ந்த மட்டையாளர் நெருக்கடியில் ஆட்டமிழப்பவராக இருக்கலாம். உள்ளூர்ப் போட்டிகளில் மட்டும் ஆடியவரைப் பன்னாட்டு வீரருடன் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? எல்லா நட்சத்திரங்களுக்கும் உச்ச மதிப்பெண் கொடுத்தால் ஆட்டம் சுவையற்றுப் போகும். ஒரு வீரரைப் பற்றிய ரசிகரின் தீர்ப்பு இங்கு எண்ணாகிறது. அடுத்த ரசிகர் அதை மாற்றவும் முடிகிறது.

இவ்வாறு பெயர்களைப் பயன்படுத்தும் உரிமை யாருடையது என்ற கேள்வி இந்திய நீதிமன்றத்திலும் வேறொரு வடிவில் எழுந்தது. கற்பனை அணி ஆட்டங்கள் தொடர்பான ஒரு வழக்கில், வீரர்களின் பெயர், ஆட்டப் புள்ளிவிவரம் முதலிய பொதுவெளித் தகவல்களைப் பயன்படுத்துவது அவர்களின் விளம்பர உரிமையை மீறுவதாகாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இடைக்கால நிலையில் கருதியது. அணிச் சின்னம், விளம்பர இலச்சினை, ஆட்டத்தின் நிரல் ஆகியவை வேறு வகை. அவற்றுக்கு வணிகக் குறியீட்டுச் சட்டமும் பதிப்புரிமைச் சட்டமும் பொருந்தும். பேட்ச் ஒன்றில் இவை எல்லாம் கலந்தே இருக்கும்.

பிற்காலம்

2014-இல் வெளியான, பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ் உருவாக்கிய டான் பிராட்மன் கிரிக்கெட் 14, வீரர்களையும் அணிகளையும் பயனரே உருவாக்கி இணையத்தில் பகிரும் வசதியை ஆட்டத்திலேயே சேர்த்தது. உரிமம் இல்லாத அணிகளின் குறையை ரசிகர்களின் உழைப்பால் ஈடுசெய்யும் பழைய வழக்கம், இதன்மூலம் ஒரு நிறுவனத்தின் அதிகாரபூர்வ முறையாயிற்று. கிரிக்கெட் 07-இன் பட்டியல்களோ பெரும்பாலும் புனைபெயர் கொண்ட ரசிகர்களால் ஊதியமின்றித் தயாரிக்கப்பட்டவை. பழைய பதிவிறக்க இணைப்புகள் செயலிழக்கும்போது, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ரசிகர்கள் தம் வீரர்களை எப்படி மதிப்பிட்டனர் என்பதற்கான பதிவும் அவற்றோடு அழிகிறது.