அணையா விளக்குக்கு எத்தனை வாட்?

சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக் கொடைகளை வாசித்தவர்கள் ஒரு கணக்கைக் கவனித்திருப்பார்கள். கோயிலில் ஒரு விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்க்காக 90 அல்லது 96 ஆடுகளைக் கொடையாக அளித்தனர். விளக்கை ஏற்றுவது எளிது. அணையவிடாமல் காப்பதற்குத்தான் ஒரு மந்தையே தேவைப்பட்டது. வீட்டில் ஒரு கோப்பு வழங்கியை நிறுவ எண்ணுபவர் முதலில் போடவேண்டிய கணக்கும் ஏறக்குறைய இதுவே.

எங்களுக்கு இக்கணக்கு சிற்றிதழ்களின் வழியாக வந்து சேர்ந்தது. நின்றுபோன இதழ்களின் பக்கங்களை நண்பர்கள் மின்வருடியில் இட்டு, தத்தம் கணினிகளில் சேமித்து வந்தோம். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இராது. 2012 கோடையின் தொடர் மின்வெட்டுகளில் ஒரு நண்பரின் வன்தட்டு ஒருநாள் நின்றது, பிறகு எழவேயில்லை. ஓர் இதழின் நான்கு ஆண்டுத் தொகுப்பு அதோடு போயிற்று. மூலப்பிரதிகளைத் தந்த பெரியவர் அதற்குள் காலமாகியிருந்தார். வீட்டார் பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிட்டிருந்தனர். எல்லோருக்கும் பொதுவாக, எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு பொறி வேண்டும் என்று அன்றுதான் தீர்மானித்தோம்.

கைவசம் ஒரு பழைய மேசைக்கணினி இருந்தது. இலவசமாயிற்றே என்று மகிழ்ந்தோம். வெறுமனே இருக்கும்போதே அது 80 வாட் உண்டது. ஆண்டுக்கு 700 யூனிட். எட்டு வாட்டில் இயங்கும் ஒன்றுக்கு 70 யூனிட் போதும். மின்வெட்டில் இன்வெர்ட்டர் மின்கலமும் பத்து மடங்கு நேரம் தாங்கும். அப்படியொரு பொறியைத் தேடப்போய்த்தான் அதன் வரலாற்றுக்குள் நுழைந்தோம்.

வழங்கிக்கு உயிர் அதன் மென்பொருள். அதைத் தந்தவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். 1991 இறுதியில் கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவராக இருந்தபோது, யூனிக்ஸ் கணினியிலிருந்த கோப்புகளைத் தம் டாஸ் கணினியிலிருந்து எடுக்க விரும்பினார். இரு பொறிகளுக்கிடையே செல்லும் தரவுப் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டு, அவை பேசும் மொழியை ஊகித்து, அதே மொழியில் விடைசொல்லும் நிரலை எழுதினார். பின்னாளில் பெயர்ச் சிக்கல் ஒன்று எழுந்தபோது, அந்நெறிமுறையின் எஸ், எம், பி எழுத்துகள் வரிசை மாறாமல் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடச்சொல்லி 'சாம்பா' என்ற பெயரைக் கண்டெடுத்தார். நிகண்டு புரட்டிப் புனைபெயர் தேடிய நம் எழுத்தாளர்கள் இவரை உறவினராகவே கருதலாம்.

மின்சாரச் சிக்கனத்தின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சிறு நிறுவனம், பி.பி.சி. மைக்ரோ கணினியின் வெற்றிக்குப் பின் தனக்கென ஒரு செயலியை வடிக்க முனைந்தது. கட்டளைத் தொகுதியை சோஃபி வில்சனும் உள்ளமைப்பை ஸ்டீவ் ஃபர்பரும் வகுத்தனர். செயலியை விலைமலிந்த பிளாஸ்டிக் உறையில் இடவேண்டும்; அவ்வுறை உருகாதிருக்க ஒரு வாட்டுக்குள் அடங்கவேண்டும். நுகர்வைத் துல்லியமாக முன்கணிக்கும் கருவிகள் இல்லாததால் ஒவ்வோரிடத்திலும் அச்சத்தோடு சிக்கனம் பிடித்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் ஆர்ம் செயலி வந்து சேர்ந்து, உடனே இயங்கியும் விட்டது. பின்னர் ஃபர்பர் மின்னோட்டத்தை அளந்தபோது மானி பூச்சியம் காட்டியது. பார்த்தால், செயலிக்கான மின்னிணைப்பே கொடுக்கப்படவில்லை. பிற கம்பிகளின் வழியே கசிந்துவந்த மின்சாரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது! கைச்சுருக்கத்தில் பிறந்த இக்குணமே பிற்பாடு கைப்பேசிகளின் உலகை அதற்குத் திறந்துவிட்டது.

சிறு வழங்கியைத் தனிப்பண்டமாக விற்றவர்களும் உண்டு. 1998இல் வந்த கோபால்ட் க்யூப் நீலநிறக் கனசதுரம். மேசைமேல் வைக்க அழகானது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கிச் சில ஆண்டுகளிலேயே அவ்வரிசையை நிறுத்தியது.

ஆனால் எங்கள் மனத்தில் நிற்பது 2004இல் லிங்க்சிஸ் வெளியிட்ட என்.எஸ்.எல்.யூ.2தான். கையடக்கப் பெட்டி, 32 மெகாபைட் நினைவகம், வன்தட்டுகளைச் செருக இரண்டு யு.எஸ்.பி. துளைகள், ஒரு வலையமைப்பு இணைப்பு. உள்ளே ஆர்ம் வழிவந்த இன்டெல் செயலி, லினக்ஸ் இயங்குதளம். பயனர்கள் அதைச் செல்லமாக 'ஸ்லக்' என்றனர், ஓடில்லாத நத்தை. பெயருக்கேற்ப மெதுவானது. 266 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய செயலியைத் தொடக்கப் பெட்டிகளில் 133இல் ஓடுமாறு வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்து ஒரேயொரு மின்தடையை அகற்றினால் முழுவேகம் வந்துவிடும் என்று பயனர்கள் கண்டறிந்தனர். அதில் டெபியனையும் நிறுவினார்கள். விற்றவர்கள் நினைத்தது வன்தட்டுப் பெட்டி. வாங்கியவர்கள் ஆக்கிக்கொண்டது சில வாட்டில் இயங்கும் முழுக்கணினி.

2009இல் மார்வெலின் ஷீவாப்ளக் சுவர்ச் செருகிக்குள்ளேயே வழங்கியை அடக்கிக் காட்டியது. 2012 பிப்ரவரி 29 அன்று மீண்டும் கேம்பிரிட்ஜிலிருந்து, சிறுவர்கள் நிரல் பழகுவதற்காக, 35 டாலரில் ராஸ்பெரி பை வந்தது. 'மாடல் ஏ', 'மாடல் பி' என்ற பெயர்கள் பழைய பி.பி.சி. மைக்ரோவுக்கான வணக்கம். அதுவும் வழங்கியாக வடிக்கப்பட்டதன்று. அதன் முதல் வடிவத்தில் வலையமைப்பும் வன்தட்டும் ஒரே யு.எஸ்.பி. பாதையில் நெருக்கியடித்துக்கொண்டு சென்றன. வன்தட்டைச் சுழற்றும் அளவு மின்சாரமும் அத்துளையில் கிடைக்காது. 2019இன் நான்காம் வடிவத்தில்தான் முழு கிகாபிட் வலையமைப்பும் யு.எஸ்.பி. 3உம் தனித்தனிப் பாதை பெற்றன.

இவ்வளவையும் படித்தபின் எங்களுக்குத் தெளிந்தது ஒன்று. கோப்பு வழங்கியில் செயலியின் வேகத்தைப் பற்றி வாதிடுவது பெரும்பாலும் வீண். வருடிய பக்கங்களை எடுத்துக்கொடுக்க அதற்கு மூளை அதிகம் வேண்டாம். கேட்கவேண்டியவை எல்லாம் அற்பமானவையாகத் தோன்றும் கேள்விகள். வன்தட்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? திடீரென மின்சாரம் நின்றால் இயங்குதளம் உள்ள நினைவட்டை பிழைக்குமா? வேறொரு கணினியில் அந்த வன்தட்டைச் செருகிப் படிக்க முடியுமா?

2023இல் வந்த இன்டெல்லின் என்100 செயலி, ஆறு வாட் வரம்பில் நான்கு கருக்களோடு, ஆர்ம் மட்டுமே சிக்கனம் என்ற பழைய எண்ணத்தையும் அசைத்துவிட்டது. இன்று புதிதாக வாங்குபவர் அதையும் பார்க்கவேண்டும். நாங்கள் நான்காம் ராஸ்பெரி பையையே எடுத்தோம். தனி மின்னிணைப்புள்ள வன்தட்டு, சாம்பா, ஒரு சிறு தடையில்லா மின்கலம். அதேபோன்ற இன்னொன்று வேறு ஊரில் மற்றொரு நண்பர் வீட்டில். இரவு இரண்டு மணிக்கு ஒன்று மற்றொன்றுக்குப் புதிய கோப்புகளை அனுப்பிவைக்கிறது. இரண்டாவது வீடு தேவையா என்று எங்களுக்குள் நெடுநாள் பூசல். எழாமற்போன வன்தட்டின் சொந்தக்காரர் ஒரே சொல்லில் அதை முடித்துவைத்தார்.

போன நான்கு ஆண்டுகளில் இதுவரை ஏழு இதழ்கள் திரும்பக் கிடைத்துள்ளன. வாசகர்கள் எவரது பரணிலேனும் பழைய சிற்றிதழ்க் கட்டுகள் இருந்தால், எடைக்குப் போடும் முன் எங்களுக்கு ஒரு சொல் தெரிவியுங்கள். வருடிக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.