ஃபிரெஞ்ச் டோஸ்ட்: பெயரில் மட்டும்தான் பிரான்ஸ்!

2003 மார்ச் மாதம். ஈராக் மீது படையெடுக்க அமெரிக்கா தயாராகிக்கொண்டிருந்த நேரம். ஐ.நா. பாதுகாப்புச் சபையில் பிரான்ஸ் அதைக் கடுமையாக எதிர்த்தது. கோபம் கொண்ட அமெரிக்க அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையின் உணவகங்களில் இருந்த இரண்டு பண்டங்களின் பெயரை மாற்றினார்கள். 'ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்' 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' ஆனது. 'ஃபிரெஞ்ச் டோஸ்ட்' 'ஃப்ரீடம் டோஸ்ட்' ஆனது. இதை முன்னின்று செய்தவர்கள் பாப் நே, வால்டர் ஜோன்ஸ் என்ற இரண்டு உறுப்பினர்கள். 2006 இல் எந்தச் சத்தமும் இல்லாமல் பழைய பெயர்களே மெனுவில் திரும்பி வந்தன. வால்டர் ஜோன்ஸோ பிற்காலத்தில் அந்தப் போரையே எதிர்ப்பவராக மாறிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபிரெஞ்ச் டோஸ்ட் பிரான்ஸுக்கு மட்டும் சொந்தமான பண்டமே அல்ல. பிரான்ஸ் என்ற நாடு உருவாவதற்கு முன்பே அதைச் செய்து சாப்பிட்டிருக்கிறார்கள்! பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஃபிரெஞ்ச் டோஸ்ட்' என்று அழைப்பதும் இல்லை. அப்படியானால் அது யாருடையது?

ரோமாபுரியின் இனிப்பு

லத்தீன் மொழியில் 'அப்பீசியஸ்' என்ற பெயரில் ஒரு சமையல் நூல் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பெரும் சாப்பாட்டுப் பிரியரின் பெயர் அது. ஆனால் இன்று கிடைக்கும் நூல் அவருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்டது. அதன் இனிப்புப் பகுதியில் இரண்டே வரியில் ஒரு குறிப்பு வருகிறது. நல்ல வெள்ளை ரொட்டியின் மேல்தோலை எடுத்துவிட வேண்டும். பெரிய துண்டுகளாகப் பிய்த்துப் பாலில் ஊறவைக்க வேண்டும். எண்ணெயில் பொரித்து, மேலே தேன் ஊற்றிப் பரிமாற வேண்டும். அவ்வளவுதான்.

கவனித்துப் பாருங்கள், இதில் முட்டை கிடையாது. 1936 இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் முட்டையைச் சேர்த்துவிட்டார்கள். அதனால் பலரும் ரோமானியர்களே முட்டை சேர்த்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். லத்தீன் மூலத்தில் அப்படி இல்லை. ஆனாலும் ரொட்டி, பால், பொரிப்பது, இனிப்பு என்ற நான்கு அடிப்படைகளும் அப்போதே வந்துவிட்டன.

ஊருக்கு ஒரு பெயர்

முட்டை சேர்ந்த வடிவம் இடைக்கால ஐரோப்பாவில் தெளிவாகத் தெரிகிறது. பிரெஞ்சு அரசர்களின் தலைமைச் சமையல்காரராக இருந்து 1395 இல் இறந்தவர் கியோம் திரெல். அவர் பெயரால் வழங்கிவந்த சமையல் நூலில் 'பொன்னிற டோஸ்ட்' என்று ஒரு குறிப்பு உண்டு. கெட்டியாகிப் போன வெள்ளை ரொட்டியைச் சதுரமாக வெட்டி, லேசாகச் சுட்டு, அடித்த மஞ்சள் கருவில் புரட்டி, சூடான கொழுப்பில் பொன்னிறமாகப் பொரித்து, மேலே சர்க்கரை தூவ வேண்டும். இன்றைய செய்முறையிலிருந்து இது பெரிதாக வேறுபடவில்லை.

இங்கிலாந்தில் 1430 வாக்கில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியிலும் இதே பண்டம் வருகிறது. அதில் பொரிப்பதற்கு உருக்கித் தெளியவைத்த வெண்ணெய் சொல்லப்படுகிறது. அதாவது நம்மூர் நெய்! சட்டியில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அறுநூறு வருடம் ஆகியும் அந்தப் பிரச்சினை தீரவில்லை.

பெயர்கள்தான் இன்னும் சுவாரஸ்யம்.

பிரான்ஸில் இதன் பெயர் 'பேன் பெர்தூ'. 'வீணாய்ப்போன ரொட்டி' என்று பொருள். ஜெர்மனியில் 'ஆர்மே ரிட்டர்', அதாவது 'ஏழை வீரர்கள்'. 1350 வாக்கில் எழுதப்பட்ட ஜெர்மன் சமையல் நூலிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது. சுவீடன், நார்வே, பின்லாந்து நாடுகளிலும் இதே பொருளில்தான் பெயர். இங்கிலாந்தில் 'வின்சர் ஏழை வீரர்கள்' என்றார்கள். 1348 இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர், வறுமையில் வாடிய பழைய போர்வீரர்களுக்காக வின்சர் கோட்டையில் ஒரு அமைப்பை ஏற்படுத்தினார். அந்தப் பெயரைத்தான் பண்டத்துக்கும் வைத்தார்கள். 'ஏழை' என்ற சொல் அந்த வீரர்களுக்குப் பிடிக்காமல் 1833 இல் அமைப்பின் பெயர் மாறியது. பண்டத்தின் பெயர் மாறவில்லை.

ஸ்பெயினில் 'தொர்ரிஹாஸ்'. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் வீடுதோறும் செய்வார்கள். போர்ச்சுகலில் 'ரபனாதாஸ்', இது கிறிஸ்துமஸ் பண்டம். அங்கேயே இதற்குப் 'பிள்ளை பெற்றவளுக்கான துண்டுகள்' என்றும் ஒரு பெயர் உண்டு. பிரசவித்த பெண்ணுக்குத் தெம்பு வர இதைக் கொடுத்திருக்கிறார்கள். ஹாங்காங் தேநீர்க் கடைகளில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, எண்ணெயில் மூழ்கப் பொரித்துக் கொடுப்பார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் 'பாம்பே டோஸ்ட்' என்றால் பலருக்கும் தெரியும்.

சரி, 'ஃபிரெஞ்ச் டோஸ்ட்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? இணையத்தில் ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1724 இல் அமெரிக்காவின் ஆல்பனி ஊரில் ஜோசப் ஃபிரெஞ்ச் என்ற விடுதிக்காரர் இதைக் கண்டுபிடித்தாராம். 'ஃபிரெஞ்சுடைய டோஸ்ட்' என்று எழுத வேண்டியவர், இலக்கணம் தெரியாமல் 'ஃபிரெஞ்ச் டோஸ்ட்' என்று எழுதிவிட்டாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1660 இலேயே லண்டனில் வெளியான ராபர்ட் மே என்பவரின் சமையல் நூலில் இந்தப் பெயர் அச்சாகிவிட்டது. ஆல்பனிக்காரருக்கு 64 வருடங்களுக்கு முன்பு! அந்தக் குறிப்பிலும் முட்டை இல்லை என்பது இன்னொரு ஆச்சரியம். 'ஃபிரெஞ்ச் ரொட்டி' என்ற வகையைத் தடிமனாக வெட்டிச் சுட்டு, ஒயினில் ஊறவைத்து, சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் சேர்க்கச் சொல்கிறார். அதாவது அந்தக் குறிப்பில் ரொட்டிதான் ஃபிரெஞ்ச்.

ஏழை என்ற பெயர், பணக்கார அடுப்பு

வீணாய்ப்போன ரொட்டி, ஏழை வீரர்கள்... பெயர்களைப் பார்த்தால் இது ஏழைகளின் உணவு என்றுதான் தோன்றும். பல கட்டுரைகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பழைய குறிப்புகளின் பொருள் பட்டியலை ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோடு பார்த்தால் வேறு உண்மை தெரியும்.

வெள்ளை ரொட்டி: இடைக்காலத்தில் சாதாரண மக்கள் சாப்பிட்டது ரை, பார்லி கலந்த கரிய ரொட்டி. சலித்த கோதுமை மாவில் செய்த வெள்ளை ரொட்டி வசதியானவர்களுக்கு மட்டும்தான். சர்க்கரை: ஐரோப்பாவில் அது அப்போது மிளகு, கிராம்பு போல ஒரு இறக்குமதிச் சரக்கு. மருந்து விற்பவர்களின் கடையில் சிறிய அளவில் கிடைத்தது. மஞ்சள் கருவை மட்டும் தனியே எடுத்துப் பயன்படுத்துவதும் ஏழை வீட்டில் நடக்கிற காரியம் அல்ல. முதலில், கியோம் திரெல் போன்றவர்களே அரண்மனைச் சமையல்காரர்கள்தான்.

அப்படியானால் ஏழைகள் காய்ந்த ரொட்டியை என்ன செய்தார்கள்? கொதிக்கும் காய்கறிச் சாற்றில் போட்டு ஊறவைத்துச் சாப்பிட்டார்கள். 'சூப்' என்ற சொல்லுக்கே முதலில் அப்படி ஊறவைத்த ரொட்டித் துண்டு என்றுதான் அர்த்தம். பிறகுதான் அந்தச் சாற்றுக்கு அந்தப் பெயர் வந்தது.

பிரான்ஸில் ரொட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1789 ஆம் ஆண்டே சாட்சி. சாதாரண காலத்திலேயே ஒரு கூலித் தொழிலாளியின் வருமானத்தில் பாதியளவு ரொட்டிக்கே போய்விடும். 1788 இல் விளைச்சல் பொய்த்து, அடுத்த ஆண்டு விலை ஏறியபோது அது தாங்க முடியாததாகிவிட்டது. 1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வெர்சாய் அரண்மனைக்கு நடந்தே போய், அரசரையும் குடும்பத்தையும் மறுநாள் தலைநகருக்கு அழைத்து வந்தார்கள். அவர்கள் கேட்டதில் முதலில் இருந்தது ரொட்டி. அப்படிப்பட்ட ஊரில் காய்ந்த ரொட்டியை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். ஆனால் அதன்மேல் சர்க்கரை தூவுகிற வசதியும் எல்லோருக்கும் இல்லை.

சர்க்கரை மலிவான கதை

இந்தப் பண்டம் எல்லா வீட்டுக்கும் வர வேண்டுமானால் சர்க்கரை மலிவாக வேண்டும். அது மலிவான கதை இனிப்பானது அல்ல.

கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. நம்முடைய 'சர்க்கரை'க்கும் பிரெஞ்சு 'சுக்ர்', ஆங்கில 'சுகர்' இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். பாரசீகம், அரபு வழியாக அந்தச் சொல் ஐரோப்பா போனது. பிறகு ஐரோப்பியர்கள் அட்லாண்டிக்கின் மறுகரையில் பெரும் கரும்புத் தோட்டங்களை அமைத்தார்கள். 16 ஆம் நூற்றாண்டு முதல் 19 ஆம் நூற்றாண்டு வரை சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது கரும்பு விளையும் நாடுகளுக்கு.

1848 இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. அதன்பின் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை ஏற்றிச் சென்றார்கள். ரியூனியன் தீவுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் கப்பல்கள் போயின. அவர்களுடைய வம்சாவளியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 19 ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வீடுகளில் 'வீணாய்ப்போன ரொட்டி'யின் மேல் தூவிய சர்க்கரையில் நம்மவர் வியர்வையும் கலந்திருந்தது. அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலேயே பீட்ரூட் வகையிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் பெருக, விலை மேலும் இறங்கியது.

கடைசியாக வந்தது வெட்டிய ரொட்டி. 1928 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் சில்லிகாத்தி என்ற ஊரில், ஆட்டோ ரோவெட்டர் கண்டுபிடித்த இயந்திரத்தில் துண்டு போட்ட ரொட்டி முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. போர்க்காலச் சிக்கனம் என்று 1943 ஜனவரியில் அரசு இதற்குத் தடை போட்டது. வீட்டுப் பெண்களின் எதிர்ப்பில் இரண்டே மாதத்துக்குள் தடையை நீக்க வேண்டியதாயிற்று! அரண்மனைப் பண்டம் இப்படித்தான் பத்து நிமிடக் காலை உணவாக ஆனது.

காய்ந்த ரொட்டிதான் ஏன்?

ஈரம் போவதால் மட்டும்தான் ரொட்டி கெட்டியாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 1852 இல் பூசங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இது சரியல்ல என்று காட்டினார். ஈரம் வெளியேறாமல் மூடி வைத்தாலும் ரொட்டி கெட்டியாகிறது. 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் மறுபடி மென்மையாகிறது. மாவுச்சத்து ஆறும்போது மீண்டும் இறுகிப் படிகமாவதுதான் காரணம். இப்படி இறுகிய ரொட்டி பாலை உறிஞ்சினாலும் எளிதில் கரைந்து குழைவதில்லை. சூட்டில் மாவுச்சத்து தளர்கிறது, முட்டை உறைந்து பிடித்துக்கொள்கிறது. உள்ளே மிருதுவாகவும் வெளியே மொறுமொறுப்பாகவும் வருவது இதனால்தான். பொன்னிறமும் மணமும் வரக் காரணமான வேதிவினையை 1912 இல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சுக்காரர். பிரான்ஸுக்கு இதிலாவது ஒரு பங்கு இருக்கட்டும்!

வீட்டில் செய்ய

தேவையானவை: முந்தைய நாள் பிரெட் 4 துண்டு (கொஞ்சம் தடிமனாக இருந்தால் நல்லது), முட்டை 2, பால் அரை கப், சர்க்கரை 2 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, பட்டைத்தூள் கால் டீஸ்பூன், வெண்ணெய் அல்லது நெய்.

முட்டை, பால், சர்க்கரை, உப்பு, பட்டைத்தூள் எல்லாவற்றையும் அகலமான தட்டில் நன்றாக அடித்துக் கலக்கவும். பிரெட் துண்டை ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 30 வினாடி ஊறவிடவும். புது பிரெட் என்றால் தோய்த்தவுடன் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கையோடு பிய்ந்து வரும். தோசைக்கல்லை மிதமான தீயில் வைத்து, வெண்ணெய் உருகி நுரைத்ததும் துண்டைப் போட்டு, பக்கத்துக்கு 2 முதல் 3 நிமிடம் வேகவிடவும். தீ அதிகமானால் மேலே கருகி உள்ளே பச்சை முட்டையாக இருக்கும். சர்க்கரையோ தேனோ சேர்த்துச் சூடாகச் சாப்பிடவும். ஒரு எச்சரிக்கை: காய்ந்த பிரெட் வேறு, பூஞ்சை பிடித்த பிரெட் வேறு. ஒரு மூலையில் பூஞ்சை தெரிந்தாலும் பாக்கெட்டையே எறிந்துவிடுங்கள்.

யாருடைய பண்டம்?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. கடைகளோ ஹோட்டல்களோ அல்ல, வீடுகள்!

ரொட்டி விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் அரண்மனையிலும் பழைய ரொட்டியை எறியவில்லை. முட்டையும் சர்க்கரையும் செலவழித்தாவது அதைக் காப்பாற்றினார்கள். இன்று ரொட்டி மலிவு, அதனால் எறிவதும் சுலபம். ஃபிரெஞ்ச் டோஸ்ட் ரோமானியருடையதா, பிரெஞ்சுக்காரருடையதா, ஜெர்மானியருடையதா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கிறது. நேற்றைய ரொட்டியை எறிய மனம் வராத எல்லோருடைய பண்டமும் அதுதான். அதற்குப் பெயர் மாற்றினால் பிரான்ஸுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.