கொழும்புக்கு எந்தக் கப்பல்?

மணியாச்சி என்றால் 1911 ஜூன் 17 நினைவுக்கு வரும். செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட ரயில் நிலையம் அது. ஆஷ் அன்று காலை அங்கே எதற்காகக் காத்திருந்தார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மனைவியோடு கொடைக்கானல் போகக் கிளம்பிய அவர், திருநெல்வேலி வண்டியில் மணியாச்சி வந்து, தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். கொழும்பில் கப்பலேறி வந்தவர்களைத் தூத்துக்குடியில் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு ஓடிய ரயில் அது. 1876இல் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் தண்டவாளம் வந்தபின் தாமிரபரணிக் கரை ஊர்கள் மணியாச்சி வழியாகக் கடலோடு இணைந்தன. தூத்துக்குடியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல்; கொழும்பு 300 கிலோமீட்டருக்கும் குறைவு. வியாபாரமானாலும் தோட்டக் கூலியானாலும் நெல்லைச் சீமைக்காரருக்குப் பக்கத்துப் பட்டணம் கொழும்புதான்.

அந்தப் பக்கத்துப் பட்டணத்துக்கு எப்போது போவது, எந்தக் கப்பலில் போவது, எந்த வழியில் போவது என்பதைப் பயணிகள் தாமே முடிவு செய்தார்களா? கட்டணத்தையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து ஆளாளுக்கு முடிவெடுத்தார்கள் என்றுதான் எண்ணத் தோன்றும். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. துறையின் ஆழம், காற்றின் பருவம், கொள்ளைநோய்ச் சட்டம், கம்பெனிகளின் ஒப்பந்தம் ஆகியவைதாம் வழிகளைத் தீர்மானித்தன. இருந்த வழியில் பயணி ஏறிக்கொண்டார். அவர் உண்மையிலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்த காலம் மிகச் சிறியது: சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய 1906 முதல், அதை நடத்திய வ.உ.சிதம்பரனார் (வ.உ.சி.) சிறைப்பட்ட 1908 வரையிலான ஆண்டுகளும், அதன்பின் கம்பெனி தள்ளாடிய சிறிது காலமும். இந்தக் கோணத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கம்பெனியின் கதைக்கு வழக்கமான தியாக வரலாற்றில் அகப்படாத ஒரு பொருள் கிடைக்கிறது.

இது நம் கடலுக்கு மட்டும் உரிய சங்கதியும் இல்லை. அலாஸ்காவின் பனிப்பாறைகளைக் காணப் போகும் உல்லாசக் கப்பல்களுக்கு மே மாதம் சீசன் தொடக்கம், கட்டணம் குறைவு. எந்தக் கப்பல் எந்தப் பனிப்பாறைக்குப் போகிறது என்று பயணிகள் பட்டியல்களை விரித்து வைத்து ஒப்பிடுகிறார்கள். ஆனால் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மேல் அனுமதி கிடையாது. மற்றக் குடாக்களிலோ மிதக்கும் பனிக்கட்டி வழியை அடைத்துக்கொண்டால் கப்பல் தலைவர் பாதியிலேயே திருப்பிவிடுவார். பயணி புரட்டும் பட்டியலின் பெரும்பகுதியை அனுமதிச் சீட்டும் பனியும் முன்கூட்டியே எழுதிவிட்டன. காசுள்ளவருக்கே இப்படியென்றால், தூத்துக்குடிக் கடற்கரையில் மூட்டையோடு நின்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தீர்மானம் ஆற்றுடையது. கிரேக்க மாலுமிகள் அறிந்திருந்த கொற்கை, மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய காயல், போர்த்துகீசியர் கோட்டை கட்டிய புன்னைக்காயல் என்று தாமிரபரணியின் முகத்துவாரத் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறின. பொதிகையிலிருந்து ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலைத் தள்ளிக்கொண்டே போனதுதான் காரணம். பிஷப் கால்டுவெல் பழைய காயலின் இடத்தைத் தேடி அடையாளம் கண்டபோது கடல் அங்கிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. கடைசியில் வாணிபம் ஆற்றுமுகத்தை விட்டுவிட்டு வடக்கே தூத்துக்குடியில் நிலைத்தது. அங்கும் கடல் ஆழமில்லாததால் நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டன. பயணிகள் படகில் போய்த்தான் ஏற வேண்டும். இரண்டாவது தீர்மானம் காற்றுடையது. ஜூன் மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து குற்றாலத்தில் சாரலாக விழும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மன்னார் வளைகுடாவைக் கொந்தளிக்க வைக்கிறது. மலையடிவாரத்துக்குச் சீசன் தொடங்கும்போது கடற்கரைக்குச் சீசன் முடிகிறது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் தூத்துக்குடிப் பாய்மரத் தோணிகள் மே நடுவில் கரையேறினால் செப்டம்பரில்தான் மறுபடி கடல் காணும். நீராவி வந்தபின் கப்பல் கம்பெனிகள் இந்தப் பஞ்சாங்கத்தை மீறின. மழைக்காலத்திலும் கப்பல் போனது. உள்ளே வாந்தியெடுத்தபடி கிடந்தவர் மூன்றாம் வகுப்புப் பயணி.

மூன்றாவது தீர்மானம் ஆட்களை ஏற்றி அனுப்பியவர்களுடையது. கண்டிச்சீமைக்குப் போன தோட்டத் தொழிலாளர்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் வடக்குப் பாதை ஒன்று இருந்தது. பாம்பன் பக்கமிருந்து மன்னாருக்குத் தோணியில் கடந்து, அங்கிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடக்க வேண்டும். காய்ச்சலும் வாந்திபேதியும் அந்தப் பாதையில் எத்தனையோ பேரைத் தின்றன. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதும் இலங்கை அரசு அந்த வழியை மூடியது. ஆட்கள் எல்லோரும் தூத்துக்குடி வழிக்குத் திருப்பப்பட்டார்கள். மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் தட்டப்பாறையில் முகாம் போட்டு, நாள் கணக்கில் வைத்திருந்து சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். 1901 வாக்கில் தகர டிக்கெட் முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் முகாமிலிருந்து தோட்டம் வரை வழிச்செலவை அரசு கொடுத்துவிடும். பிறகு அதைத் தோட்டத்துரையிடம் வசூலிப்பார்கள். துரை, ஆள் சேர்த்துக் கொடுத்த கங்காணியின் கணக்கில் எழுதுவார். கங்காணி ஆளின் கடனில் ஏற்றுவார். டிக்கெட் வாங்காமலே பயணம் போய், பயணம் போனதற்காகவே கடனாளியாகும் இந்த ஏற்பாட்டில் எந்தக் கப்பல் என்ற கேள்விக்கே இடமில்லை.

தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தவர்கள் சொந்தக் காசில் போன வியாபாரிகளும் கணக்கப்பிள்ளைகளும் சிறு தொழில் செய்வோரும்தான். அவர்களுக்கும் 1906க்கு முன் கிடைத்தது ஒரே கம்பெனி: ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் மெக்கின்னன் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் (பி.ஐ.). 1906 அக்டோபர் 16 அன்று பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி அந்த ஒற்றை நிலையை உடைத்தது. ரூ.25 வீதம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம் என்பது திட்டம். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுத்தார். முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்தார்கள். பி.ஐ. நெருக்கியதும் அந்த வாடகைக் கப்பல் கைநழுவியது. கொழும்பிலிருந்து வேறொன்றை அமர்த்தி ஓட்டினார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் போட்டியில் நிற்க முடியாது என்பது வ.உ.சி.க்கு அப்போது விளங்கிவிட்டது. 1907இல் எஸ்.எஸ். காலியாவும் எஸ்.எஸ். லாவோவும் வந்து சேர்ந்தன. காலியாவில் மூன்றாம் வகுப்பில் மட்டும் ஏறத்தாழ 1300 பேர் போகலாம்.

பிறகு நடந்த கட்டணப் போட்டியை எல்லோரும் அறிவோம். பி.ஐ. ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இறக்கியது. சுதேசி எட்டணா என்றது. பி.ஐ. இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்று இன்றும் சொல்வார்கள். குடைக் கதையைச் சிரிப்போடு சொல்லிவிட்டுப் போவதில் ஒரு முக்கியமான செய்தி நழுவிவிடுகிறது. நெருக்கடி வந்தவுடன் ஒரு ரூபாய்க்கு இறங்க முடிந்த கம்பெனிக்கு, அதற்கு முன் ஏன் இறங்கத் தோன்றவில்லை? போட்டி இல்லை என்பதுதான் விடை. மலிவு விலை பி.ஐ.யின் கொடையாக வரவில்லை. காலியா அதே துறையில் நங்கூரமிட்டு நின்றதால் வந்தது. எட்டணாவுக்குச் சுதேசியில் ஏறியவருக்கும், ஒரு ரூபாய்க்கு வெள்ளைக்காரன் கப்பலில் ஏறியவருக்கும் சேர்த்தே வ.உ.சி. கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்திருந்தார். இலவசமாக ஏறுவதை விட்டுவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசியில் போனவர்கள் வெறும் உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று சிலர் நினைக்கக்கூடும். இலவசம் எத்தனை நாளைக்கு என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவர்கள் என்றே எனக்குப் படுகிறது. அரசும் இதைச் சரக்கு விஷயமாகப் பார்க்கவில்லை. கோரல் மில் வேலைநிறுத்தத்தை அடுத்து 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் காவல் நிலையமும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் குறைந்தது. கம்பெனியோ 1911இல் கலைந்து, கப்பல்கள் எதிராளிகளின் கைக்குப் போயின.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது லேசான மறுப்பும் இல்லை. சுதேசிக் கம்பெனியைக் கவிழ்த்தது அடக்குமுறை என்பதை விட மோசமான நிர்வாகம் என்பதே சரி என்று சிலர் சொல்வார்கள். திரட்டிய பணம் போதவில்லை, இயக்குநர்களுக்கும் வ.உ.சி.யின் அரசியலுக்கும் உரசல் இருந்தது, அரசியலையும் கப்பலையும் ஒரே ஆள் ஓட்டியது தவறு என்பார்கள். உரசல் உண்மை, பணமுடையும் உண்மை. ஆனால் பணமும் நிர்வாகமும் சரியாக இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஜாம்ஷெட்ஜி டாடா 1890களில் ஜப்பானுக்குக் கப்பல் விட்டபோது பி அண்ட் ஓ கம்பெனி சரக்குக் கட்டணத்தைப் பாதாளத்துக்கு இறக்கி அவரை வெளியேற்றியது. அவர் வ.உ.சி.யைப் போல அரசியல் களத்தில் இறங்கியவர் இல்லை. 1919இல் எஸ்.எஸ். லாயல்டியோடு தொடங்கிய சிந்தியா கம்பெனி பம்பாய்ச் செல்வர்களின் பலத்தோடு வந்தது. அதுவும் 1923இல் ஆங்கிலேயக் கம்பெனிகளோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அவை விட்ட அளவுக்குள் ஒதுங்கித்தான் பிழைத்தது. ஓட்டப்பிடாரத்து வக்கீல் ஒருவரின் நிர்வாகக் குறைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பவர்கள் இவற்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். போட்டியாளரைப் பட்டினி போட்டு விரட்டுவது அந்தக் கம்பெனிகளின் வாடிக்கை. வ.உ.சி.யின் அரசியல் அந்த வாடிக்கைக்குக் காவல்துறையின் துணையையும் கூட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு பூகோளத்தைச் சார்ந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதும் ஓர் இரவு பிடித்த கடல் பயணம் சுமார் 35 கிலோமீட்டராகச் சுருங்கியது. போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. தூத்துக்குடி வழி எப்படியும் தோற்றிருக்கும், சுதேசியோ பி.ஐ.யோ, யார் ஓட்டினால் என்ன? குறுகிய வழி நல்ல வழி என்பதை மறுக்க மாட்டேன். தூத்துக்குடிப் படகில் அலைக்கழிந்து கப்பலேறியவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் நல்ல வழி கிடைத்ததும் மற்ற வழியைப் பின்னுக்குத் தள்ளியதன் விலை ஐம்பது ஆண்டு கழித்துத் தெரிந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பன்–தனுஷ்கோடிப் பயணிகள் ரயிலோடு அந்தத் துறையும் ரயில் பாதையும் அழிந்தன. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் உள்நாட்டுப் போரில் நின்றது. ஒரே வழியை நம்பியிருந்ததால் அது அறுந்த நாளில் இரு கரையும் பிரிந்தன. தூத்துக்குடியில் 1974 முதல் பெருந்துறைமுகம் இருந்தும் பயணிகளுக்கு அது உதவவில்லை.

போர் முடிந்தபின் நடந்த முயற்சிகள் பழைய பாடம் எதையும் படித்ததாகத் தெரியவில்லை. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பலைத் தொடங்கிய நாள் ஜூன் 13. தோணிக்காரர்கள் பாயைச் சுருட்டி ஒரு மாதம் ஆகும் நேரம். ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய அந்தக் கப்பல் நவம்பரில் நின்றது. 2023இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலை அக்டோபர் 14இல் தொடங்கி, வாடைக்காற்றுப் பருவத்தைக் காரணம் காட்டி ஒரே வாரத்தில் நிறுத்தினார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும் என்பது நாகப்பட்டினத்தில் யாருக்கும் தெரியாத ரகசியமா? ஸ்கோஷியா பிரின்ஸ் நின்றதற்குக் காற்று காரணமில்லை, செலவுக்கு ஏற்ற பயணிகள் வரவில்லை என்று சொல்லலாம், அது சரியே. ஆனால் புது வழியில் முதன்முதல் போகிறவர் வாந்தியெடுத்துக்கொண்டு கரையேறினால் அடுத்தவருக்கு அவர் சொல்லப்போவது விமான டிக்கெட்டைப் பற்றித்தான்.

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் பெயருக்குச் செய்யும் மரியாதை கொழும்புக்குப் பயணிகள் கப்பலை மறுபடி விடுவதுதான் என்று மேடைதோறும் பேசுகிறோம். அப்படி விடும் நாள் வந்தால், இரண்டு காரியங்களை நம் மக்கள் பிரதிநிதிகள் கேட்டு வாங்க வேண்டும். வாடை ஓய்ந்த ஜனவரியில் முதல் கப்பல் கிளம்பட்டும், தென்மேற்குக் காற்று எழும் முன் பயணிகள் அந்த வழிக்குப் பழகிக்கொள்ள நாலைந்து மாதம் கிடைக்கும். ஓட்டும் உரிமையை ஒரே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடாமல், தொடக்கத்திலிருந்தே இரண்டு நிறுவனங்களுக்காவது கொடுங்கள்.