எடை கூடினால் யார் கணக்கில்?

அமெரிக்க லாரி டிரைவர்களின் பாதுகாப்புப் பதிவுகள் எப்படி வேலை செய்கின்றன என்று தோண்டிக்கொண்டிருந்தபோது ஒன்று உறுத்தியது. 2010 டிசம்பரில் லாரி கம்பெனிகளை மதிப்பிட வந்த சிஎஸ்ஏ முறையில் வேகம், பிரேக், ஓய்வில்லாத ஓட்டம் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. அதிக எடைக்கு மட்டும் இல்லை! முதலில் ஏதோ பக் என்றுதான் நினைத்தேன் (தொழில் புத்தி).

காரணம் பழசு. 1913-ல் மெயின் மாநிலம் 18,000 பவுண்டு, மாசசூசெட்ஸ் 28,000 பவுண்டு என்று வரம்பு வைத்தது சாலையைக் காப்பாற்றத்தான். அன்றைய லாரிகளுக்குக் கெட்டி ரப்பர் சக்கரம், ரோட்டை உழுதுவிடும். 1956-ல் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கு 73,280 பவுண்டு. பிறகு 1958 முதல் 1960 வரை இல்லினாயின் ஒட்டாவா அருகே லாரிகளை ஓட்டி ஓட்டியே ரோட்டை உடைத்துப் பார்த்தார்கள். அச்சின் சுமை இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு! அப்படியிருந்தும் 1974 சட்டம் வரம்பை 80,000 ஆக்கியது. சுமார் 36 டன். ஆக, எடைச் சட்டம் பிறந்ததே ரோட்டுக்காக. டிரைவரின் யோக்கியதையை அளக்க அல்ல.

அப்போ டிரைவர் தப்பித்தாரா? இல்லீங்க. சரக்கை ஏற்றுவது பெரும்பாலும் வேறு ஆள். அபராதச் சீட்டு பல நேரம் நீட்டப்படுவது ஸ்டியரிங் பிடித்தவரிடம். எடை மேடையில் நிறுத்தியவர்கள் முழு சோதனையும் போட்டால் தேய்ந்த டயர், தளர்ந்த பிரேக் எல்லாம் வெளியே வரும். அவை பதிவில் ஏறி, வேலைக்கு எடுக்கும் கம்பெனி பார்க்கிற பிஎஸ்பி அறிக்கையில் 3 வருடம் நிற்கும். ஏற்றியவருக்கு அப்படியொரு அறிக்கையே கிடையாது.