‘மட்டும்’ என்னும் ஒரு சொல்

மூல நூலில் இல்லாத ஒரு சொல்லை மொழிபெயர்ப்பில் சேர்த்தல் தகுமா? புலவர் அவையில் எழுந்து அங்கேயே அடங்கிவிடும் வினா இது. ஆயினும் பதினாறாம் நூற்றாண்டின் செருமனியில், மேலைக் கிறித்தவ உலகை இரு கூறாக்கிய பெருவழக்கின் நடுவே இவ்வினா வந்து நின்றது. சேர்க்கப்பட்ட சொல் ‘மட்டும்’ என்பது. சேர்த்தவர் மார்ட்டின் லூத்தர்.

லூத்தர் 1505-ஆம் ஆண்டு எர்ஃபுர்ட் நகரின் அகுஸ்தீனியத் துறவு மடத்தில் புகுந்தவர். நோன்பிருந்தார், இரவெல்லாம் விழித்திருந்து மன்றாடினார், செய்த பிழைகளை நெடுநேரம் அறிக்கையிட்டார். எவ்வளவு செய்தும், போதுமான அளவு செய்துவிட்டோம் என்னும் அமைதி அவருக்கு வரவில்லை. பவுலடியார் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் வரும் ‘கடவுளின் நீதி’ என்னும் தொடரைக் கண்டாலே அஞ்சினார். நீதி என்றால் தண்டிக்கும் நீதி என்றே அவர் கற்றிருந்தார். அது மனிதன் ஈட்டிக் காட்ட வேண்டிய நீதியன்று, நம்புவோனுக்கு இறைவன் அருளும் நீதி என்பது பின்னர் அவருக்குப் புலப்பட்டது. கூலியன்று, கொடை. அப்போது விண்ணகத்தின் கதவுகள் திறந்தாற்போல் உணர்ந்ததாகத் தம் முதுமையில், 1545-இல் எழுதிய முன்னுரையொன்றில் அவரே குறிப்பிடுகிறார்.

வோர்ம்ஸ் நகரப் பேரவையின்முன் 1521-இல் தம் கொள்கையைக் கைவிட மறுத்த லூத்தர், வார்ட்பர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்தபோது புதிய ஏற்பாட்டைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். அது 1522 செப்டம்பரில் அச்சேறிற்று. டிசம்பரிலேயே மறுபதிப்பும் வேண்டியதாயிற்று. உரோமையர் மூன்றாம் அதிகாரத்தில், மனிதன் சட்டத்தின் செயல்களின்றி நம்பிக்கையால் நீதிமான் ஆக்கப்படுகிறான் என்னும் கருத்துடைய இடத்தில், ‘நம்பிக்கையால் மட்டும்’ என எழுதினார் லூத்தர். கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. வேதத்தையே திருத்திவிட்டார் என்று எதிர்ப்பாளர் முழங்கினர்.

மொழிபெயர்ப்பைப் பற்றி 1530-இல் எழுதிய திறந்த மடலில் லூத்தர் விடையிறுத்தார். அதில் கடுஞ்சொற்களுக்குக் குறைவில்லை; எதிரிகளைக் கழுதைகள் என்கிறார். அறிஞர்க்கு அது அழகன்று என்பதே நம் கருத்து. ஆனால் வசையை நீக்கிப் பார்த்தால் வாதம் வலிமையுடையது. இரண்டு பொருள்களைச் சொல்லி, ஒன்றை உடன்பட்டு மற்றதை மறுக்கும்போது ‘மட்டும்’ என்று சேர்த்துச் சொல்வதே செருமானியர் வழக்கு என்கிறார். உழவன் தானியம் மட்டும் கொண்டுவருகிறான், பணம் கொண்டுவரவில்லை என்பது அவர் காட்டும் சான்று. நாமும் அவ்வாறுதானே பேசுகிறோம்! இலத்தீன் எழுத்துகளைக் கேட்காதீர்கள். வீட்டில் தாயையும் தெருவில் பிள்ளைகளையும் சந்தையில் எளிய மனிதனையும் கேளுங்கள் என்பது அவர் அறிவுரை. மொழி வழக்கோடு பவுலின் கருத்தும் அச்சொல்லை வேண்டி நிற்கிறது என்றும் சாதித்தார்.

இடையூறு வேதத்திற்குள்ளேயே இருந்தது. யாக்கோபு நிருபம், நம்பிக்கையால் மட்டுமன்று, செயல்களாலும் என்கிறது. அந்நிருபத்தை வைக்கோல் என்று ஒருமுறை இகழ்ந்தவர் லூத்தர். எனினும் நற்செயல் வேண்டா என்று அவர் சொன்னதாகக் கூறுவது பிழை. தீயினின்று வெம்மையையும் ஒளியையும் பிரிக்க இயலாததுபோல், மெய்யான நம்பிக்கையினின்று நற்செயலைப் பிரிக்க இயலாது என்பது அவர் கொள்கை. திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இல் ‘நம்பிக்கையால் மட்டும்’ என்னும் போதனையைக் கண்டித்தது. பிளவு நிலைத்தது. நான்கரை நூற்றாண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியால் அன்று, அருளாலேயே ஏற்கப்படுகிறோம். அவ்வருளே நற்செயலுக்கு நம்மை அழைக்கிறது என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டனர்.

லூத்தர் வழியினரான சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். பிள்ளைகளைக் கேளுங்கள் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு இராது. அவர் பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது.

லூத்தரின் ‘மட்டும்’ தமிழில் இடம்பெற்றதா? சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெரிதும் ஓதப்படும் பழைய திருப்புதலில், உரோமையர் பகுதியில் ‘விசுவாசத்தினாலே’ என்று மட்டுமே காண்கிறோம். ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை எனத் தொல்காப்பியர் பொருள் கூறுவார். இது பிரிநிலையாயின் லூத்தரின் சொல் அந்த ஓரெழுத்தினுள் அடங்கிவிடும். ஆனால் யாக்கோபு நிருபத்தில் அதே ஏகாரத்தின்பின் ‘மாத்திரம்’ என்னும் சொல்லும் வருகிறது. அடுத்து ‘கிரியைகளினாலேயும்’ என உம்மையும் ஏற்கிறது. மற்றதை விலக்கும் ஏகாரம் மற்றதையும் தழுவும் உம்மையோடு கூடுவதெங்ஙனம்? ஆகவே இது வேற்றுமை உருபை நீட்டிய ஏகாரமே என்றும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலத்தோடு நின்றனர் என்றும் கருதுகிறோம். ஆயினும் ஆலயத்தில் அவ்வசனம் உரக்க வாசிக்கப்படும்போது, ‘விசுவாசத்தினாலே’ என்பதன் கடைசி எழுத்தைச் சற்றே நீட்டி அழுத்துகிற வாசகரையும் நாம் கேட்டிருக்கிறோம்.