பி.எஸ்.என்.எல். முதல் அமேசான் வரை: சின்னங்கள் மாறும்போது என்ன நடக்கிறது? - ஒரு விளக்கம்

டாலிகஞ்ச்: அந்தமான் தலைநகரின் டாலிகஞ்ச் பகுதி மக்கள் 2024-ஆம் ஆண்டில் 40 நாள்களுக்குள் இரு மாற்றங்களைக் கண்டனர். போர்ட் பிளேர் நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்படுவதாக மத்திய அரசு செப்டம்பர் 13 அன்று அறிவித்தது. தீவுகளின் தொலைத்தொடர்பில் முக்கியப் பங்கு வகிக்கும் பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல்.-இன் புதிய சின்னம் அக்டோபர் 22 அன்று வெளியிடப்பட்டது.

மாறியது என்ன?

புதுதில்லியில் நடைபெற்ற நிகழ்ச்சியில் மத்திய தகவல் தொடர்புத் துறை அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா புதிய சின்னத்தை வெளியிட்டார். சாம்பல் நிற உருண்டையும் சிவப்பு, நீல அம்புக்குறிகளும் கொண்டிருந்த பழைய சின்னத்துக்குப் பதிலாக, காவி நிற வட்டத்தில் இந்திய வரைபடமும் வெள்ளை, பச்சை அம்புக்குறிகளும் இடம்பெற்றன. ‘கனெக்டிங் இந்தியா’ என்ற முழக்கம் ‘கனெக்டிங் பாரத்’ என மாறியது. நிறத்தையும் சொல் மாற்றத்தையும் எதிர்க்கட்சியினர் விமர்சித்தனர். தேவையற்ற அழைப்புகளைத் தடுக்கும் வசதி, வைஃபை ரோமிங், தானியங்கி சிம் அட்டை இயந்திரம் உள்ளிட்ட 7 புதிய சேவைகளும் அன்றே அறிவிக்கப்பட்டன.

செயலிப் படவுரு

பெயர்ப் பலகையில் பொருந்தும் சின்னம் கைப்பேசித் திரையில் பொருந்துவதில்லை. விரல் நுனி அளவுக்குச் சுருங்கும்போது வரைபடமும் சிறு எழுத்துகளும் மங்கிவிடும். எனவே, செயலிக்கென எளிமையான வடிவம் தனியே உருவாக்கப்படுவது வழக்கம். கூகுள் பிளே ஸ்டோர் 512-க்கு 512 பிக்சல் அளவிலும், ஆப்பிள் ஆப் ஸ்டோர் 1024-க்கு 1024 பிக்சல் அளவிலும் படவுருவைக் கோருகின்றன. செயலி புதுப்பிக்கப்பட்ட பின்னரே புதிய படவுரு பயனரின் திரையில் தோன்றும். ஆகவே, பழையதும் புதியதும் சில காலம் ஒருசேரப் புழங்கும். இந்த இடைக்காலம் போலிச் செயலிகளுக்கு வாய்ப்பாகலாம். படத்தை மட்டும் நம்பாமல், வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைச் சரிபார்த்த பின்னரே செயலியைப் பதிவிறக்குவது பாதுகாப்பானது.

திருத்தப்பட்ட சின்னங்கள்

அமேசான் 2021 ஜனவரியில் அறிமுகப்படுத்திய படவுருவில் இருந்த நீல நிற ஒட்டுநாடா, ஹிட்லரின் மீசையை நினைவூட்டுவதாகக் கூறப்பட்டதால், சில வாரங்களில் மாற்றி வரையப்பட்டது. அதே மாதத்தில், பெண்களை இழிவுபடுத்துவதாக மும்பை சைபர் காவல் துறையிடம் அளிக்கப்பட்ட புகாரைத் தொடர்ந்து மிந்த்ரா நிறுவனமும் தனது சின்னத்தை மாற்ற ஒப்புக்கொண்டது. அமெரிக்க ஆடை நிறுவனமான கேப், 2010-இல் வெளியிட்ட புதிய சின்னத்தை ஒரே வாரத்தில் திரும்பப் பெற்றது.

சட்டம் கூறுவது

வணிகக் குறிகள் சட்டம், 1999-இன்படி பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். குறியின் அடையாளத்தைப் பெரிதும் பாதிக்காத மாற்றங்களுக்குப் பதிவாளரின் அனுமதியைப் பெற 59-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அடிப்படையே மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

தீவுகளின் எதிர்பார்ப்பு

அந்தமான் மக்களுக்குச் சின்னத்தைவிட முக்கியமானது இணைப்பு. நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்த தீவுகளுக்கு, சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் ரூ.1,224 கோடியில் அமைக்கப்பட்டது. பி.எஸ்.என்.எல். செயல்படுத்திய இத்திட்டத்தைப் பிரதமர் மோடி 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்தார். ஸ்வராஜ் தீவு, ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட இடங்களும் இதில் இணைக்கப்பட்டன. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான பி.எஸ்.என்.எல். 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

பாதுகாப்பு, குறைந்த கட்டணம், நம்பகத்தன்மை ஆகிய மூன்றையும் புதிய சின்னம் உறுதியளிக்கிறது. மழைக்காலத்திலும் துண்டிக்கப்படாத இணைப்பே தீவு மக்களிடையே அந்த உறுதிமொழிக்கான அளவுகோலாக அமையும்.